சுண்டெலியின் சர்க்கரையும் நம் வீட்டுச் சர்க்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். எல்லாரும் சர்க்கரை நோய் உள்ள வீடுகளைச் சேர்ந்தவர்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டத்திலிருந்தும் வருவார்கள். நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகள் ஆய்வகத்தில் சுண்டெலிகளின் கணையத்தோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். மருந்து, அளவு பற்றிக் கேட்டால் உங்கள் மருத்துவரிடம் போகச் சொல்வேன். ஆனால் "ஏன்" என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன்.

நாங்க மூணு பேரும் ஒரே வளவுல பிறந்து வளந்தவுக. அண்ணனும் தம்பியும் நல்ல பருமன், அவுகளுக்கு ஒண்ணுமில்லை. ஒல்லியா இருக்கிற எனக்கு மட்டும் சுகர். இது என்ன நியாயம்?

இதைக் கேட்ட ஆச்சியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்காதவர். தன் மேல்தான் தவறு என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தவர்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு இரண்டு பக்கம் உண்டு. உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பது ஒன்று. கணையம் எவ்வளவு இன்சுலின் தர முடியும் என்பது இன்னொன்று. பருமனானவர்களின் தசையும் ஈரலும் இன்சுலினுக்கு மெதுவாகத்தான் அசையும். ஆனால் அவர்களுடைய கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து ஈடுகட்டிவிட்டால் சர்க்கரை ஏறாது. உங்கள் அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கிறது. உங்கள் உடம்புக்குத் தேவை குறைவுதான், ஆனால் அந்தக் குறைந்த தேவைக்கே கணையம் ஈடுகொடுக்கவில்லை. பெரும்பாலும் யாருக்குச் சர்க்கரை வரும் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது இந்தச் சுரக்கும் திறன்தான்.

அந்தத் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்களில் 2006-க்குப் பிறகு கண்டறியப்பட்ட, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்களில் பெரும்பாலானவை இன்சுலின் சுரப்பைத்தான் தொடுகின்றன. உடம்பு செவிசாய்ப்பதைத் தொடுபவை அதைவிடக் குறைவு. இது எப்படி நடக்கிறது என்பதைச் செல் செல்லாகக் காட்டியது சுண்டெலி. இனி வரும் பதில்கள் எல்லாம் அதைப் பற்றியவை.

சர்க்கரை ஏறியிருக்குன்னு கணையத்துக்கு எப்படித் தெரியும்?

கணையத்துக்குள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சின்னச் சின்னக் கூட்டங்கள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள். அவற்றில் பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரப்பவை.

நம் ஊர் வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். பீட்டா செல்லின் வேலையும் அப்படி அடுத்தடுத்த வாசல்கள்தான். முதல் வாசலில் குளுக்கோஸ் உள்ளே வருகிறது. அடுத்து குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. இந்த நொதிதான் கணக்குப்பிள்ளை. எவ்வளவு குளுக்கோஸ் வந்தது என்பதை அதன் வேகமே சொல்லிவிடும். பிறகு மைட்டோகாண்ட்ரியாவில் குளுக்கோஸ் எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. ஏடிபி பெருகினால் செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்ளும். அது மூடியதும் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்தவுடன், இன்சுலினைப் பொதிந்து வைத்த நுண்பைகள் சுவரோடு சேர்ந்து வெளியே கொட்டும். சில நிமிடங்களுக்குள் முதல் அலை, அதன்பின் மெதுவாக நீளும் இரண்டாம் அலை.

ஒவ்வொரு வாசலும் ஒரு புரதம், ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு. எந்த வாசல் சிக்கிக்கொண்டாலும் வீட்டுக்குள் நடை தடைபடும். குளுக்கோகைனேஸ் மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்றை எடுத்துவிட்ட சுண்டெலிக்குச் சர்க்கரை லேசாக உயர்ந்தே இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் கடுமையான சர்க்கரை நோயோடு பிறந்து, சில நாட்களில் இறந்துபோகும். அதே மரபணுவின் ஒரு பிரதியில் பழுது உள்ள குடும்பங்கள் மனிதர்களிலும் இருப்பது 1992-ல் தெரியவந்தது. அவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வயதானாலும் பெரிதாக ஏறாது. கர்ப்ப காலம் தவிரப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. வீணாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு இந்த அறிவு விடுதலை கொடுத்திருக்கிறது.

அதுக்கு எதுக்கு எலி? மனுஷனையே பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதா?

மனிதர்களில் ஒரு மரபணுவின் விளைவைப் பிரித்தெடுப்பது கடினம். ஒவ்வொருவர் மரபணுத் தொகுப்பும் வேறு, சாப்பாடு வேறு, உழைப்பு வேறு. ஆய்வகச் சுண்டெலியில் அப்படி இல்லை.

இதை நம் ஊர் வழக்கத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். நகரத்தாருக்கு ஒன்பது கோயில். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டோம். ஆய்வகத்தில் அதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். அண்ணன் தங்கைச் சுண்டெலிகளையே இருபது தலைமுறைக்குத் தொடர்ந்து இணைசேர்க்கிறார்கள். அதன்பின் அந்த வம்சத்தில் பிறக்கும் ஒவ்வொரு சுண்டெலியும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே மரபணுத் தொகுப்போடு இருக்கும். அப்படிப்பட்ட வம்சத்தில் ஒரே ஒரு மரபணுவை மாற்றிவிட்டு, மாற்றாத உடன்பிறப்போடு ஒப்பிட்டால் வேறுபாட்டுக்குக் காரணம் அந்த ஒரு மரபணுதான் என்று துணிந்து சொல்லலாம். கருவுற்று மூன்று வாரத்தில் குட்டி பிறந்துவிடுவதால் தலைமுறைகளைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

இவற்றில் பேர்போன வம்சம் சி57 பிளாக் 6. ஆய்வகத்தில் வெறுமனே "பிளாக் சிக்ஸ்" என்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அபி லாத்ராப் என்ற பெண்மணி செல்லப்பிராணியாக விற்க வளர்த்த சுண்டெலிகளிலிருந்து, 57 என்ற எண்ணுள்ள ஒன்றை வைத்து 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் தொடங்கிய வம்சம் அது. 2002-ல் சுண்டெலியின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது படித்ததும் இந்தக் கறுப்பு எலியைத்தான்.

சரி, ஒரு மரபணு பழுதானா எல்லா எலிக்கும் சுகர் வந்துருமா?

வராது. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இதற்கு விரிவாகத்தான் பதில் சொல்வேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடற்கரை ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1949-ல் சில சுண்டெலிகள் அளவுக்கு மீறிப் பருத்தன. ஓயாமல் தின்றன. ஒரே மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. ஓபீஸ் என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அதற்கு "ஓபி" என்று பெயர் வைத்தார்கள். 1966-ல் இன்னொரு வகை கிடைத்தது. அதுவும் பருத்தது, அதோடு கடுமையான சர்க்கரை நோயும் வந்தது. அதற்கு "டிபி" என்று பெயர்.

டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை இணைத்துப் பார்த்தார். டிபி எலியோடு இணைத்த சாதாரண எலி சாப்பாட்டைத் தொடாமல் பட்டினி கிடந்து இறந்தது. டிபியோடு இணைத்த ஓபியும் அப்படியே இறந்தது. சாதாரண எலியோடு இணைத்த ஓபி தின்பதைக் குறைத்துக்கொண்டது. இதிலிருந்து அவர் சொன்னது: "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலிக்கு அதை உண்டாக்கத் தெரியவில்லை. டிபி எலி உண்டாக்குகிறது, ஆனால் அதைக் கேட்கும் செவி அதற்கு இல்லை. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு ஓபி மரபணுவைப் பிரித்தெடுத்து, அந்தப் பொருளுக்கு லெப்டின் என்று பெயரிட்டது. டிபி என்பது லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு என்று அடுத்த இரண்டு ஆண்டுக்குள் தெரிந்தது. கோல்மன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த பகுதி. ஓபியும் டிபியும் ஒரே பாதையின் இரண்டு முனை என்றால், டிபிக்கு மட்டும் ஏன் அவ்வளவு கொடிய சர்க்கரை? ஓபி பழுதை பிளாக் 6 வம்சத்தில் வைத்திருந்தார்கள். டிபி தோன்றியது அதற்கு நெருங்கிய உறவான, வேறு இரத்தம் கலந்த பிளாக் கேஎஸ் வம்சத்தில். 1973-ல் கோல்மனும் கேத்தரின் ஹம்மலும் ஓபி மரபணுவை பிளாக் கேஎஸ் வம்சத்துக்கு மாற்றினார்கள். அதே பழுது, அதே தீராப் பசி, அதே பருமன். பிளாக் 6-ல் அந்தப் பழுது இருந்தபோது சர்க்கரை ஆரம்பத்தில் ஏறி, பிறகு திட்டுகள் பெருத்து, இன்சுலின் வெள்ளமாகச் சுரந்து, சர்க்கரை இறங்கி வந்தது. பிளாக் கேஎஸ்-ல் திட்டுகள் கொஞ்ச நாள் மூச்சுப்பிடித்துப் பார்த்துவிட்டுச் சிதைந்தன. சர்க்கரை எகிறியது, எலிகள் சீக்கிரம் இறந்தன.

பழுதான மரபணு ஒன்றுதான். அதைச் சுற்றி நின்ற மற்ற மரபணுக்கள்தான் ஒரு வீட்டைத் தாங்கின, இன்னொரு வீட்டைக் கைவிட்டன. முதல் கேள்வியைக் கேட்ட ஆச்சிக்கும் அவருடைய அண்ணன் தம்பிக்கும் நடுவே இருப்பது இதுதான்.

தாங்கி நிற்கும் அந்த மரபணுக்கள் எவை என்று தேடுவது இன்றைக்கும் நடக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆலன் அட்டி குழு, ஓபி பழுதோடு சர்க்கரை ஏறிவிடும் பிடிபிஆர் என்ற வம்சத்தையும், ஏறாத பிளாக் 6-ஐயும் கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் எந்தக் குரோமோசோம் துண்டு வந்தவற்றுக்குச் சர்க்கரை ஏறுகிறது என்று வரிசையாகப் பார்த்தது. 2006-ல் சார்சிஎஸ்1 என்ற மரபணு கிடைத்தது. 2011-ல் டோமோசின்-2 கிடைத்தது. இன்சுலின் நுண்பை சுவரோடு சேரும் கடைசி வாசலில் நின்று தடுப்பது அதன் வேலை.

அப்ப பிளாக் சிக்ஸ் நல்ல எலி, அப்படித்தானே?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். பிளாக் 6-ன் பீட்டா செல்கள் பெருகுவதில் கெட்டி. ஆனால் ஒவ்வொரு செல்லும் சுரப்பதில் ஒரு குறை உண்டு. குளுக்கோஸைக் கொடுத்துப் பார்த்தால் மற்றப் பல வம்சங்களைவிட இன்சுலினை மந்தமாகவே விடும். இதை இங்கிலாந்தில் ஹார்வெல் ஆய்வகத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் தோண்டிப் பார்த்தார்கள். 2005-ல் காரணம் ஒன்று தெரிந்தது. என்என்டி என்ற மரபணுவின் நடுவே ஐந்து துண்டுகள் விட்டுப்போயிருந்தன.

அந்த மரபணுவின் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருந்துகொண்டு, எரிப்பில் உண்டாகும் நச்சுப் பொருட்களைக் கழிக்க உதவுகிறது. அது இல்லாவிட்டால் கழிவு தேங்கி ஏடிபி குறைகிறது. ஏடிபி குறைந்தால் பொட்டாசியம் வாசல் சரியாக மூடாது. மேலே சொன்ன வாசல் வரிசையில் நடுவே ஒரு கதவு பாதி மூடிய நிலை. நல்ல என்என்டி மரபணுவைத் திரும்பப் புகுத்தியபோது அந்த எலிகளின் சுரப்பு மேம்பட்டது.

இதில் எனக்கு வேர்த்துப்போன விஷயம் ஒன்று உண்டு. பிளாக் 6-லேயே இரண்டு கிளை. ஜாக்சன் ஆய்வகத்தில் இருந்த "ஜே" (J) கிளையில்தான் இந்தப் பழுது. 1951-ல் அங்கிருந்து பிரிந்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போன "என்" (N) கிளையில் இல்லை. பெயரில் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். மரபணு நீக்கிய எலி ஒரு கிளையிலிருந்தும், ஒப்பிடும் எலி மற்றக் கிளையிலிருந்தும் வந்துவிட்டால், நீக்கிய மரபணுவால் வந்த விளைவு என்று நாம் எழுதுவது உண்மையில் என்என்டியின் விளைவாக இருக்கலாம். ஆராய்ச்சிக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது: கூண்டுச் சீட்டில் முழுப்பெயரை எழுதுங்கள், ஒப்பிடும் எலி ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்பாக இருக்கட்டும்.

இன்சுலினுக்கே மரபணு இருக்கா?

இருக்கிறது. நமக்கு ஒன்று, 11-ஆம் குரோமோசோமில். சுண்டெலிக்கு இரண்டு, இன்ஸ்1, இன்ஸ்2. ஒன்றை நீக்கினாலும் மற்றது ஈடுகட்டும். ஆனால் இல்லாமல் போவதைவிடக் கோணலாக இருப்பது கொடியது என்பதற்கு அகிதா எலி சாட்சி. ஜப்பானின் அகிதாவில் 1997-ல் வெளியான கண்டுபிடிப்பு அது. இன்ஸ்2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, இன்சுலின் மடிய வேண்டிய இடத்தில் மடியாமல் போகிறது. கோணல் புரதம் செல்லுக்குள் குவிந்து, பீட்டா செல்லையே திணறடிக்கிறது. ஒரு பிரதி போதும், நாலைந்து வாரக் குட்டியிலேயே சர்க்கரை ஏறிவிடும். அந்த எலிக்குப் பருமன் கிடையாது.

உடம்பு இன்சுலினுக்கு மசியலைன்னா சுகர் வந்துதானே ஆகும்?

ஐஆர்எஸ்1, ஐஆர்எஸ்2 என்று இரண்டு மரபணுக்கள், இரண்டுமே இன்சுலின் சொன்னதைச் செல்லுக்குள் எடுத்துச் செல்பவை. 1994-ல் ஐஆர்எஸ்1-ஐ நீக்கிய எலிகள் குட்டையாக வளர்ந்தன, இன்சுலினுக்கு மசியவில்லை. ஆனால் பீட்டா செல்கள் பெருகி ஈடுகட்டியதால் சர்க்கரை நோய் வரவில்லை. 1998-ல் ஐஆர்எஸ்2-ஐ நீக்கினார்கள். அவையும் மசியவில்லை, அதோடு பீட்டா செல்கள் பெருகவும் மறுத்தன. அவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

எலிக்கு எப்படி சுகர் பாக்குறாக?

நம் வீட்டில் இருக்கும் அதே குளுக்கோமீட்டர்தான் பல ஆய்வகங்களிலும். வால் நுனியில் ஒரு சொட்டு. அந்தப் பட்டையில் நடப்பது மின்வேதியியல்: நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானை உருவி எடுக்க, அந்த மின்னோட்டத்தை மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த, ஊரில் நாம் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துறையே அதுதான். தினமும் அந்த வாசலைக் கடந்து போகும் நாம், கையில் இருக்கும் பட்டைக்கும் அதற்கும் உள்ள உறவை நினைப்பதில்லை.

சோதனை இப்படி. ஆறு மணி நேரம் இரை கொடுக்காமல் வைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் குளுக்கோஸ் ஊசி போடுவார்கள். 25 கிராம் எலிக்கு 50 மில்லிகிராம். பிறகு 15, 30, 60, 120-ஆவது நிமிடங்களில் சர்க்கரை பார்க்க வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி போடுவது பழைய வழக்கம். எலி இரவில்தான் சாப்பிடும், அவ்வளவு சின்ன உடம்புக்கு அது கொலைப்பட்டினி. நான் அதை ஏற்பதில்லை.

இங்கே ஒரு கணக்குப் பாடம் உண்டு, பேரேடு எழுதிய பரம்பரைக்கு எளிதில் விளங்கும். சர்க்கரை எண் என்பது இருப்பு மட்டும். இரண்டு கடையில் ஒரே இருப்பு இருக்கலாம். ஒன்றில் பெரிய வரவு, பெரிய செலவு. இன்னொன்றில் இரண்டும் சிறிது. ஐந்தொகை போடாமல் எந்தக் கடை திடமானது என்று சொல்ல முடியாது. அதேபோல் இரண்டு எலிக்கும் சர்க்கரை 140 என்றால், ஒன்று மூன்று மடங்கு இன்சுலினைக் கொட்டி அந்த 140-ஐப் பிடித்து வைத்திருக்கலாம். அதனால் இன்சுலினையும் தனியாக அளக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் திட்டுகளைப் பிரித்தெடுத்து, கிண்ணத்தில் குளுக்கோஸ் ஊற்றி, எவ்வளவு விடுகின்றன என்று பார்க்க வேண்டும். சர்க்கரையை மட்டும் அளந்துவிட்டு "இந்த மரபணு சுரப்பைக் குறைக்கிறது" என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

ஆம்பளை எலி, பொம்பளை எலி வித்தியாசம் உண்டா?

நிறைய. பல வம்சங்களில் ஆண் எலிக்குத்தான் முதலில் சர்க்கரை ஏறும். அகிதாவிலும் ஆணுக்கே கடுமை. ஈஸ்ட்ரோஜன் பீட்டா செல்லுக்குக் காவலாக இருப்பது ஒரு காரணம். ஆனால் என்ஓடி என்ற வம்சத்தில் தலைகீழ், அங்கே பெண் எலிகளுக்குத்தான் அதிகம்.

என் பேரனுக்கு எட்டு வயசுல வந்துச்சே, அதுவும் இதே கதையா?

அது பெரும்பாலும் முதல் வகை. உடம்பின் எதிர்ப்பு அணுக்களே பீட்டா செல்லை அழிப்பது. மேலே சொன்ன என்ஓடி எலி அதற்கானது. 1980-ல் ஜப்பானில் அறிவிக்கப்பட்டது. அதில் முக்கியமான மரபணுக்கள் சுரப்பைச் சேர்ந்தவை இல்லை, எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்தவை. பேரனுக்கு இன்சுலின் ஊசி உயிர்நாடி. யார் என்ன கஷாயம் சொன்னாலும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

கவுனி அரிசி சாப்பிட்டா மரபணு மாறிருமா?

மாறாது. சாப்பாடு மரபணுவின் எழுத்தை மாற்றுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மாற்றலாம். கறுப்பு நிறமும் தவிடும் உள்ள நல்ல அரிசிதான் கவுனி. ஆனால் நாம் அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுத்தானே சாப்பிடுகிறோம்!

சாப்பாடும் மரபணுவும் சேர்ந்து செய்வதை எலியில் பார்க்கலாம். கொழுப்பு மிகுந்த இரையைக் கொடுத்தால் பிளாக் 6 ஜே பருத்துச் சர்க்கரை ஏறும். ஏ/ஜே என்ற வம்சம் அதே இரையைத் தின்று அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. சாதாரண இரையில் இரண்டும் நலம். விருந்து வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்த இருவருக்கு மறுநாள் காலை வேறு வேறு எண் வருவதும் இப்படித்தான். பக்கத்து இலைக்காரரைப் பார்த்து உங்கள் பணியாரத்தின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள்.

எலிக்குச் சரின்னா நமக்கும் சரியா?

முழுக்க இல்லை. எலியின் திட்டில் பீட்டா செல்கள் நடுவிலும், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் ஓரத்திலும் இருக்கும், நமக்குக் கலந்து கிடக்கும். குளுக்கோஸை உள்ளே விடும் வாசல்கூட வேறு: எலிக்கு முக்கியமாக குளுட்2, நமக்கு பெரிதும் குளுட்1. எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே மனிதருக்கு இளவயதுச் சர்க்கரை வரும். எலிக்கு ஒரு பிரதி போனால் ஒன்றும் ஆகாது, இரண்டும் போக வேண்டும்.

கருவிகளே ஏமாற்றுவதும் உண்டு. பீட்டா செல்லில் மட்டும் ஒரு மரபணுவை நீக்க உண்டாக்கிய சில எலிகளில், வசதிக்காக மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுத் துண்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அந்தத் துண்டே வேலை செய்து பீட்டா செல்களை மாற்றிக்கொண்டிருந்தது பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அந்த எலிகளைக் கொண்டு எழுதிய எத்தனையோ முடிவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் வாசல்களின் வரிசை இரண்டிலும் ஒன்றே. அதனால்தான் எலியில் கண்டது நமக்கு உதவுகிறது.

பாவமில்லையா?

வலிக்கத்தான் செய்யும். நான் வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது, 1998-ல் சோதனைகளுக்கான விதிகள் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியையும் தொடக்கூடாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள் என்று எழுதித் தர வேண்டும். அந்தக் கேள்விகள் நியாயமானவை, இன்னும் கடுமையாகக் கேட்கலாம் என்பது என் எண்ணம். மோசமாகத் திட்டமிட்ட சோதனையில் சாகும் எலிதான் வீணாகச் சாகிறது.

ஐயாவுக்கு இருந்துச்சு, அப்பச்சிக்கு இருக்கு. நான் மரபணு சோதனை எடுக்கணுமா?

நாற்பது, ஐம்பதில் வரும் வழக்கமான இரண்டாம் வகைக்குத் தேவையில்லை. அதில் பங்கெடுக்கும் மரபணுக்கள் ஏராளம், ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அந்தப் பணத்துக்கு வருடாவருடம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) பாருங்கள்.

ஒல்லியான உடம்பு, 25 வயதுக்குள் சர்க்கரை, தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே வருவது என்றிருந்தால் மருத்துவரிடம் ஒற்றை மரபணு வகையா என்று கேளுங்கள். எச்என்எஃப்1ஏ பழுது என்றால், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும்.

ஒரே ஒரு இடத்தில் சோதனை எடுத்தே ஆக வேண்டும் என்பேன்: பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த குழந்தைக்கு. 2000-ல் கோலின் நிக்கல்ஸ் குழு பீட்டா செல்லின் பொட்டாசியம் வாசல் மூடாதபடி ஒரு சுண்டெலியை உண்டாக்கியது. இன்சுலின் இருந்தும் வெளியே வர வழியில்லாமல், பிறந்த சில நாளில் அந்தக் குட்டிகளுக்குக் கடுமையான சர்க்கரை. நான்கு ஆண்டு கழித்து, 2004-ல், பிறந்த குழந்தைகளில் அதே வாசலின் மரபணுவான கேசிஎன்ஜே11-ல் அதே மாதிரிப் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அந்தக் குழந்தைகளை முதல் வகை என்று நினைத்து ஆயுள் முழுக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலை மூடும் மாத்திரை நம் மருந்துக்கடையில் பல காலமாக இருப்பதுதான், கிளிபென்கிளமைடு. 2006-ல் வெளியான ஆய்வில் இந்தப் பழுதுள்ள 49 பேருக்கு அதைக் கொடுத்தபோது 44 பேர் இன்சுலின் ஊசியையே விட்டார்கள், சர்க்கரையும் முன்பைவிடக் கட்டுக்குள் வந்தது.

எனவே உங்கள் உறவில், பங்காளி வீட்டில், வேலைக்கு வருகிறவர் வீட்டில் எங்காவது, இன்றைக்கு வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருந்தாலும், ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தாயிடம் இந்த மரபணுவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். முடிவு வரும் வரை ஊசியை நிறுத்தக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.